மூன்று டிகிரி தூரம்

சென்ற வாரம் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை பறந்தோம். 15,300 கிலோமீட்டர், பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல். இந்த வாரம் சின்னப் பயணம்தான்: சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு. எனக்கென்னவோ இதுதான் பெரிய பயணமாகப் படுகிறது.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மீனம்பாக்கம், பலாலி, கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க. மூன்று விமான நிலையங்களும் 80ஆம் தீர்க்கரேகையை ஒட்டி, நூல் பிடித்தாற்போல் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. அதனால் தூரத்தை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். சென்னை வடக்கே 13 டிகிரி, பலாலி 9.8. வித்தியாசம் 3.2. டிகிரிக்கு 111 கிலோமீட்டர் வீதம் சுமார் 355.

இந்த வழியில் பறக்கும் ஏடிஆர் 72 இரட்டைச் சுழலி விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் போகும். அப்படியானால் நாற்பத்து மூன்று நிமிடத்தில் போய்விட வேண்டுமே? அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருக்கிறார்கள். காரணம், விமானக்காரர்களின் கடிகாரம் வானத்தில் தொடங்குவதில்லை. இங்கே சக்கரத்தடியில் இருக்கும் முட்டுக்கட்டையை எடுக்கும்போது தொடங்கி, அங்கே மறுபடி கட்டை வைக்கும்போதுதான் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மெல்ல மேலேறுவது, வட்டமிட்டு இறங்குவது எல்லாம் அதில் சேர்த்தி.

ஆனால் பலாலிக்கு விமானம் இல்லாத காலத்தில் இந்தக் கணக்கு எதற்கும் உதவவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர் கொழும்பு விமானத்தில் ஏறுவார். அது யாழ்ப்பாணத்தின் நேரையும் தாண்டித் தெற்கே இன்னும் 290 கிலோமீட்டர் போய் இறக்கிவிடும். வந்த திசையிலேயே திரும்பி, தரைவழியாக 350 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே போக வேண்டும். சென்னையில் ஒருமுறை என் பக்கத்து இருக்கையில் காத்திருந்த சுன்னாகத்து அம்மா சொன்னார்: "முந்தி கொழும்பிலை இறங்கி, ராவிராவா பஸ்ஸிலை போகோணும் தம்பி. இப்ப மத்தியானச் சாப்பாடு வீட்டிலை." மடியில் வைத்திருந்த பையை அவர் ஒருமுறைகூடக் கீழே வைக்கவில்லை.

இது புது வழியுமல்ல. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறைக்கு அருகிலுள்ள இதே தளத்தில் இறங்கித்தான் சென்னைக்கு வந்தது. டகோட்டா விமானம். பின்னர் போர் வந்தது. பலாலி ராணுவத் தளமாகிப்போனது. பல பத்தாண்டுகள் கழித்து, 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறந்தார்கள். நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் விமானம் விட்டார்கள். அந்தத் தூரம் வெறும் 185 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சென்னைக்கே அதைவிடத் தூரம் அதிகம்!

யாழ்ப்பாணத்தில் கல்யாணமோ சாவோ, கொழும்புக்கு டிக்கெட் தேடும் முன் பலாலிக்கு விமானம் உண்டா என்று பாருங்கள். ஆள் ஏறாவிட்டால் சின்ன விமானங்களைத்தான் முதலில் நிறுத்துவார்கள். ஒருமுறை நின்றால் சீக்கிரம் திரும்பாது: 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்ற சென்னை–பலாலி சேவை திரும்பி வர 2022 டிசம்பர் ஆகிவிட்டது.