காற்றாலைகளுக்கு நடுவே சிப்பி வயல்

ஜெர்மனியின் போர்க்கும் தீவுக்கு வடக்கே, ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தள்ளி, வடகடலுக்குள் ஓர் எஃகு மேடை நிற்கிறது. ஃபீனோ-1 என்று பெயர். கடலில் காற்றாலை நடுவதற்கு முன்பாக, அங்கே காற்று எந்த வேகத்தில் அடிக்கிறது, அலை எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று அளப்பதற்காக 2003இல் அதை நிறுவினார்கள். சில ஆண்டுகளில் அதன் கால்களை ஆராய நீருக்குள் இறங்கிய உயிரியலாளர்கள், எஃகே கண்ணுக்குத் தெரியாதபடி நீலச் சிப்பிகள் அப்பிக் கிடப்பதைக் கண்டார்கள். அதற்கும் கீழே கடல் சாமந்திகள், பஞ்சுயிரிகள், நண்டுகள். எல்லாவற்றையும் கணக்கிட்டபோது அந்த ஒரே கட்டுமானத்தில் நான்கு டன்னுக்கு மேல் உயிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் அங்கே எதையும் விதைக்கவில்லை.

இதில் மாயம் ஏதும் இல்லை. நீலச் சிப்பி கோடைக்கு முன்பு முட்டைகளையும் விந்தையும் தண்ணீரில் கலந்துவிடும். உருவாகும் குஞ்சுகள் மூன்று, நான்கு வாரம் நீரோட்டத்தின் போக்கில் மிதந்து திரியும். பிறகு ஒட்டிக்கொள்ள உறுதியான ஒரு பரப்பைத் தேடும். தென் வடகடலின் அடித்தரையோ பெரும்பாலும் மணல். மணலில் இறங்கிய குஞ்சுக்குப் பிடிமானம் கிடையாது. அப்படிப்பட்ட கடலில் ஓர் எஃகுத் தூண் நிமிர்ந்து நின்றால், அது சிப்பிக்குப் புதிதாக முளைத்த பாறை. காலிலிருந்து புரத இழைகளைச் சுரந்து அதில் தன்னைக் கட்டிக்கொள்கிறது. நீருக்குள்ளேயே இறுகிப் பிடிக்கும் அந்தப் பசையை அப்படியே செய்துவிட வேதியியலாளர்கள் பல ஆண்டுகளாக முயன்றுவருகிறார்கள்.

உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை 1991இல் டென்மார்க்கின் விண்டபியில், பதினொரே காற்றாலைகளோடு தொடங்கியது. இன்று வடகடலில் அவை ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. இரண்டு காற்றாலைகளுக்கு இடையே அரைக் கிலோமீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை இடைவெளி விடுவார்கள். முன்னால் நிற்பது பின்னால் நிற்பதன் காற்றைத் தின்றுவிடக் கூடாது அல்லவா? கடலில் நிறுவும் கட்டுமானத்தைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் அமைக்க 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல்சட்ட ஒப்பந்தம் அனுமதிக்கிறது. விளைவாக, ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் காற்றாலைப் பகுதிக்குள் இழுவலைப் படகு மீன்பிடிக்க முடியாது. தலைமுறைகளாக வலை வீசிய இடம் மீனவருக்குப் போய்விட்டது. காற்றாலைக்காரருக்கோ அந்தத் தண்ணீரால் பயனில்லை. அவருக்கு வேண்டியது தூண் நிற்கும் இடமும் அதற்கு மேலே வீசும் காற்றும்தான்.

அந்த நடுத் தண்ணீரில் சிப்பி வளர்க்கலாமே என்று 2000ஆம் ஆண்டையொட்டிப் பேசத் தொடங்கியவர், பிரேமர்ஹாவனில் உள்ள ஆல்ஃபிரட் வேகனர் ஆய்வு நிறுவனத்தின் பேலா பூக். பேசியதோடு நிற்காமல், கயிறு கட்டி, நங்கூரம் போட்டு, புயலில் அவை அறுந்துபோவதையும் பார்த்து, எது தாங்கும், எது தாங்காது என்று ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார். இன்று இத்துறையில் நடக்கும் சோதனைகளில் பலவற்றுக்கு அடிப்படை அந்தப் பதிவுகள்தான்.

பண்ணையின் அமைப்பு எளிமையானது. இரண்டு நங்கூரங்களுக்கு இடையே நீளமான தலைக்கயிறு ஒன்று. அதைத் தூக்கிப் பிடிக்க மிதவைகள். அதிலிருந்து கீழே தொங்கும் கயிறுகளில் சிப்பி. தீனி போட வேண்டாம். கடலில் மிதக்கும் நுண்பாசிகளைச் சிப்பி தானே வடிகட்டித் தின்னும். வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்குச் சில லிட்டர் நீரை வடிகட்டுகிறது. தரையில் கிடக்கும் சிப்பியை நட்சத்திர மீன் தின்றுவிடும். கயிற்றில் தொங்குவதை அதனால் எட்ட முடியாது. ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளில் சந்தைக்குப் போகும் அளவு வந்துவிடும்.

சிக்கலெல்லாம் அலையில் இருக்கிறது. கடல் மேற்பரப்பில் நீர் வட்டமாகச் சுழல்கிறது. ஆழம் போகப் போக அந்தச் சுழற்சி வேகமாகச் சுருங்கும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 60 மீட்டர் உள்ள அலை என்றால், பத்து மீட்டர் ஆழத்தில் நீரின் ஆட்டம் மேலே இருப்பதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால் கரையோரப் பண்ணைகளைப் போலத் தலைக்கயிற்றை மேலே மிதக்கவிடாமல், சில மீட்டர் ஆழத்தில் அமிழ்த்தித் தொங்கவிடுகிறார்கள். ஆனால் பெரும்புயலில் எழுவது நீண்ட அலை. 120 மீட்டர் நீள அலை வந்தால் அதே பத்து மீட்டர் ஆழத்தில் ஆட்டம் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். அமிழ்த்தியும் முழுப் பாதுகாப்பு இல்லை. போதாததற்குச் சிப்பி வளர வளர எடை கூடும். சரியான நேரத்தில் மிதவை சேர்க்காவிட்டால் கயிறு தரையைத் தொடும். நட்சத்திர மீனுக்கு விருந்து. அதிகமாகச் சேர்த்தாலோ கயிறு மேலே வந்து அலையிடம் மாட்டிக்கொள்ளும். அந்த ‘சரியான நேரத்தில்’ கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தால் படகே போக முடியாது.

இவ்வளவு தொல்லைப்பட்டு ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? இடம் கிடைக்கிறது என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பூக்கும் அவருடைய சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஒரு முடிவு. கரையோரச் சேற்றுத் திட்டில் கிடந்த சிப்பிகளையும், தொலைகடலில் கயிற்றில் வளர்ந்த சிப்பிகளையும் அறுத்து ஒப்பிட்டார்கள். கரைச் சிப்பிகளில் ஒட்டுண்ணிகள் இருந்தன. கண்ணுக்குத் தெரியும் அளவிலான ஒட்டுண்ணி ஒன்றுகூடத் தொலைகடல் சிப்பியில் இல்லை. சிப்பியைத் தாக்கும் தட்டைப்புழுக்களின் வாழ்க்கை பல வீடு மாறும் வாழ்க்கை. கரையோர நத்தையில் ஒரு பருவம், சிப்பியில் ஒரு பருவம், சிப்பியைத் தின்னும் பறவையின் குடலில் ஒரு பருவம், பிறகு எச்சத்தோடு மறுபடி நத்தைக்கு. தொலைகடலில் அந்த நத்தை இல்லை. ஒரு வீடு இல்லாமல் போனாலே சுழற்சி அறுந்துவிடுகிறது. மருந்தால் செய்ய முடியாததைத் தூரம் செய்துவிடுகிறது.

இந்த யோசனை உண்மையான காற்றாலைப் பண்ணைக்குள் சோதிக்கப்பட்டது பெல்ஜியத்தில். பெல்ஜியர்களுக்குச் சிப்பியும் வறுத்த உருளைக்கிழங்கும் தேசிய உணவு. ஆனால் அவர்கள் தின்னும் சிப்பியில் பெரும்பங்கு அண்டை நாடான நெதர்லாந்தின் ஜேலாந்திலிருந்து வருகிறது. பெல்ஜியத்தின் கடற்கரை மொத்தமே 70 கிலோமீட்டருக்கும் குறைவு. கப்பல் பாதை, மணல் அள்ளும் இடம், காற்றாலை, மீன்பிடி என்று எல்லாம் அந்தச் சின்னத் துண்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கெண்ட் பல்கலைக்கழகம் முன்னின்று 2017 முதல் 2019 வரை நடத்திய ‘எடூலிஸ்’ திட்டத்தில், கரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ள சி-பவர் பண்ணையிலும், 45 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பெல்விண்ட் பண்ணையிலும் கயிறுகளை இறக்கினார்கள். சிப்பி நன்றாக வளர்ந்தது. உயிரியல் சொன்னபடி கேட்டது. கயிறு, நங்கூரம், மிதவை ஆகியவற்றின் விலையும், அவ்வளவு தூரம் கப்பல் ஓட்டும் செலவும்தான் கசந்தன. கரையோரப் பண்ணைக்குப் போதுமான பொருள் அங்கே போதாது; எல்லாமே தடிமனாக, விலை கூடியதாக வேண்டும்.

பணக்கணக்கோடு பொறுப்புக்கணக்கும் சேர்கிறது. நங்கூரம் நகர்ந்து மின்வடத்தில் சிக்கினால் இழப்பீடு யார் தருவது? சிப்பிப் படகு தூணில் மோதினால்? பல கோடி யூரோ போட்ட மின் நிறுவனத்துக்குச் சிப்பி வருமானம் பொருட்டே அல்ல. ஆபத்து மட்டும் பெரிதாகத் தெரிகிறது. காப்பீட்டு நிறுவனமும் அதையே சொல்கிறது. காற்றாலைகளை நட்டு முடித்த பிறகு, உரிமம் கையெழுத்தான பிறகு, ஓரமாகச் சிப்பிக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று போய் நிற்பதால் வரும் வினை இது. தூண்களுக்கு இடையே எவ்வளவு அகலம், மின்வடம் எந்தத் தடத்தில், பராமரிப்புக் கப்பலைப் பகிர முடியுமா என்பவையெல்லாம் வரைபடம் போடும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. அன்று அந்த மேசையில் சிப்பி வளர்ப்பவருக்கு நாற்காலி இல்லையென்றால், பிறகு எத்தனை ஆய்வு வந்தாலும் சோதனைக் கட்டத்தைத் தாண்டாது.

உணவுப் பாதுகாப்பையும் அப்படித் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். எஃகு துருப்பிடிக்காமலிருக்க அலுமினியமும் துத்தநாகமும் கலந்த உலோகக் கட்டிகளைத் தூண்களில் பொருத்துகிறார்கள். எஃகுக்குப் பதிலாக அவை மெல்ல மெல்லக் கரையும். சிப்பியோ தண்ணீரில் உள்ளதைச் சேர்த்துவைக்கும் உயிர். எனவே சந்தைக்குப் போகும் முன் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். உலோகக் கட்டி இல்லாமல் மின்னோட்டத்தால் துருவைத் தடுக்கும் முறையும் உண்டு. அதைத் தேர்ந்தெடுப்பதும் வடிவமைப்பு மேசையில்தான். கடலின் தீனிக்கும் எல்லை இருக்கிறது. தூண்களில் தானாக வளரும் சிப்பிகளே சுற்றுவட்டாரத்து நுண்பாசியைக் குறைக்கக்கூடும் என்று ஜெர்மானிய ஆய்வாளர்களின் கணினி மாதிரிகள் காட்டுகின்றன.

அதே கடலில் இன்னொரு உயிரின் கதை வேறு வகையானது. தட்டை ஆளி, ஐரோப்பாவின் சொந்த ஆய்ஸ்டர். 1883இல் ஓல்சன் என்பவர் வெளியிட்ட மீன்பிடி வரைபட நூலில் வடகடலின் நடுவே பரந்த ஆளித் திட்டுகள் குறிக்கப்பட்டுள்ளன. இன்றைய டச்சுக் கடல்பகுதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் இடமாக இருந்தது. ஆளிக்குஞ்சு பழைய ஆளி ஓட்டின் மேல்தான் விரும்பி அமரும். இழுவலை அந்த ஓட்டுப் படுகையைச் சுரண்டியதும் அமர இடமில்லாமல் இனமே கிட்டத்தட்ட அழிந்தது. மிஞ்சியவற்றை 1980களில் பொனாமியா என்ற நுண் ஒட்டுண்ணி வாட்டியது.

இந்த ஆளித் திட்டுகளிடம் அறிவியலுக்கு ஒரு பழைய கடன் உண்டு. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் கரையில் ஆளி வளர்ப்பைப் பெருக்க முடியுமா என்று ஆராயப் பிரஷ்ய அரசு கீல் நகரப் பேராசிரியர் கார்ல் மோபியஸை நியமித்தது. 1877இல் அவர் எழுதிய நூலில், ஆளித் திட்டு என்பது ஆளிகள் மட்டுமல்ல, அங்கே கூடி வாழும் எல்லா உயிர்களும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் ஒரு சமூகம் என்றார். ‘பயோசெனோசிஸ்’ என்ற கருத்து பிறந்தது அங்கேதான். சூழலியலின் அடிக்கற்களில் அது ஒன்று.

இழுவலை நுழைய முடியாத காற்றாலைப் பகுதி, ஆளிக்கு மீண்டும் கிடைத்த அமைதியான தரை. 2018இல் நெதர்லாந்தின் லுக்டர்டைனன் பண்ணையில் ஆளிகளை இறக்கிச் சோதித்தார்கள். பெல்விண்டிலும் பிறகு ஆளி, கடற்பாசிச் சோதனைகள் நடந்தன. அலை அரிப்பைத் தடுக்கத் தூணடியில் கொட்டும் கற்களின் மேலேயே ஆளிக்குஞ்சு அமரும்படி செய்ய முடியுமா என்பது இப்போதைய கேள்விகளில் ஒன்று. இங்கே விற்பனை முதல் நோக்கமல்ல; திட்டு திரும்ப வேண்டும். வடகடலில் நடக்கும் வேலைகளில் என் மனம் அதிகம் ஒட்டுவது இதில்தான்.

பால்டிக் கடலில் டென்மார்க்கின் கிரீகர்ஸ் ஃப்ளாக் பண்ணை 72 காற்றாலைகளோடு 2021இல் திறக்கப்பட்டது. வாட்டன்ஃபால் நிறுவனத்தோடு சேர்ந்து ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தார் அங்கே சிப்பியும் கடற்பாசியும் வளர்த்துப் பார்க்கிறார்கள். பால்டிக்கில் உப்பு குறைவு. சிப்பி சிறுத்தே இருக்கும், தட்டில் அழகாக அமையாது. ஆனால் வயல் உரம் வழிந்துவந்து திணறும் கடல் அது. ஒரு டன் சிப்பியை வெளியே எடுத்தால் ஏறத்தாழ 10 கிலோ நைட்ரஜனும் கடலைவிட்டு வெளியேறுகிறது. நெதர்லாந்து வேறு வழியில் முந்திக்கொண்டது. 2018 மே முதல் சில காற்றாலைப் பகுதிகளில் 24 மீட்டருக்கு உட்பட்ட படகுகளை அனுமதித்தது. பிறகு கடற்பாசிப் பண்ணை ஒன்று காற்றாலைகளுக்கு நடுவே 2024இல் இறங்கியது.

நம் கடலுக்கும் இது வருகிறது. குஜராத்துக்கு அப்பால் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு அப்பால் 500 மெகாவாட் கடல் காற்றாலைக்காக 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டில் பேசப்படும் இடம் மன்னார் வளைகுடாவும் அதையொட்டிய கடலும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் தூத்துக்குடியில் முத்துச்சிப்பியையும் ஆளியையும், விழிஞ்ஞத்தில் பழுப்புச் சிப்பியையும் வளர்த்துக் காட்டியது. திறந்த கடலில் கட்டிய சிப்பிக் கயிறுகளுக்குத் தென்மேற்குப் பருவமழைக் கொந்தளிப்பு பெரும் தடையாக இருந்தது. கேரளத்தில் சிப்பி வளர்ப்பு பெருகியது பின்னால், படன்னாவின் அமைதியான காயலில். அமிழ்த்திய தலைக்கயிறு அந்தத் தடையைத் தாண்ட உதவுமா என்று பார்ப்பதற்கு இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது.

ஆனால் வடகடலின் ஏற்பாட்டை அப்படியே இங்கே இறக்க முடியாது. அங்கே வெளியேற்றப்பட்டவற்றில் பெரிய இழுவலைக் கப்பல்கள் முக்கியமானவை. இங்கே அந்தத் தண்ணீர் நாட்டுப்படகுகளின் பிழைப்பு. கன்னியாகுமரி மாவட்டத்துப் பாறைகளில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுப்பவர்கள், குஞ்சு எந்த மாதம் ஒட்டும், எந்த நீரோட்டத்தில் சதை பிடிக்கும் என்று பரம்பரையாக அறிந்தவர்கள். ஒப்பந்தப்புள்ளி எழுதும்போதே மூன்று விஷயங்களை அதில் சேர்க்கலாம்: தூண்களுக்கு நடுவே நாட்டுப்படகு செல்லும் தடம், நங்கூரத்துக்கும் மின்வடத்துக்கும் இடையிலான தூரம், நடுவிலுள்ள தண்ணீரில் சிப்பி வளர்க்கும் உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முதலில். காப்பீட்டை அரசு ஏற்றால் மட்டுமே மூன்றாவது நடக்கும். 7,453 கோடியில் அதற்கு ஒரு சிறு பங்கு போதும்.