சைப்பிரஸில் வெளிநாட்டினர் திருமணம்

சைப்பிரஸில் வெளிநாட்டினர் திருமணம் என்பது, அந்நாட்டில் குடியிருக்காத இணையர் அங்கு சென்று நகராட்சித் திருமண அலுவலர் முன்னிலையில் பதிவுத் திருமணம் செய்துகொள்வதைக் குறிக்கும். கிழக்கு மத்தியதரைக் கடலில் உள்ள இத்தீவு, வெயிலையும் கடற்கரையையும் நாடி வரும் பயணிகளிடம் பெயர் பெற்றது. இங்கு மணம் முடிக்க வருவோரைப் பொதுவாக இரு வகையினராகப் பிரிக்கலாம். பிரித்தானியா போன்ற நாடுகளிலிருந்து வருவோர் விடுமுறையையும் திருமணத்தையும் ஒரே பயணத்தில் முடிக்க விரும்புகின்றனர். இஸ்ரேல், லெபனான் ஆகிய நாடுகளிலிருந்து வருவோரில் பலருக்குச் சொந்த நாட்டில் சமய அமைப்பின் வழியாக அல்லாமல் திருமணம் செய்துகொள்ள இயலாது. எனவே இவர்களுக்கு இப்பயணம் ஆடம்பரம் அல்ல, சட்டத் தேவை ஆகும்.

சட்டப் பின்னணி

சைப்பிரஸ் 1878 முதல் பிரித்தானிய நிர்வாகத்தில் இருந்தது. 1925இல் முடியாட்சிக் குடியேற்ற நாடாகி, 1960இல் விடுதலை பெற்றது. அலுவலர் முன்னிலையில் திருமணம் செய்யும் முறை பிரித்தானியர் காலச் சட்டத்திலிருந்து வந்தது. இது இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி நடக்கும் பதிவுத் திருமணத்தை ஒத்தது.

வெளிநாட்டினருக்குத் திறந்திருந்த இவ்வழி, தீவின் பெரும்பான்மையினரான கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களுக்கு நீண்ட காலம் மூடியிருந்தது. 1960ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அவர்களுடைய திருமணத்தைத் திருச்சபைச் சட்டத்தின்கீழ் வைத்திருந்தது. 1989இல் அரசியலமைப்பு திருத்தப்பட்ட பிறகே அவர்களும் பதிவுத் திருமணம் செய்துகொள்ள வழி பிறந்தது. 2003ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் தற்போதைய நடைமுறைக்கு அடிப்படையாக உள்ளது. ஒரே பாலினத்தவர் 2015ஆம் ஆண்டின் சட்டப்படி தங்கள் இணைவாழ்வைப் பதிவு செய்யலாம். ஆனால் அது திருமணமாகக் கருதப்படுவதில்லை.

அண்டை நாட்டினர் வருவதற்கான காரணம்

இஸ்ரேலில் திருமணம் அந்தந்தச் சமய அமைப்பின் அதிகாரத்தில் உள்ளது. ஒட்டோமான் பேரரசுக் காலத்து ஏற்பாடு இது. பின்னர் வந்த ஆட்சிகளிலும் தொடர்ந்தது. யூதரின் திருமணங்களை ரபிகளின் தலைமை அமைப்பும், முஸ்லிம்களின் திருமணங்களை ஷரியா நீதிமன்றங்களும், கிறித்தவர்களின் திருமணங்களை அவரவர் திருச்சபைகளும் நெறிப்படுத்துகின்றன. இதனால் வெவ்வேறு சமயத்தைச் சேர்ந்த இருவர் நாட்டுக்குள் மணம் முடிக்க இயலாது. சோவியத் ஒன்றியத்திலிருந்து குடியேறியவர்களில் சமயச் சட்டப்படி யூதராக ஏற்கப்படாதோருக்கும் இதே நிலைதான். யூதரிலும், கோகன் எனப்படும் குருமார் வழியில் வந்த ஆண், மணமுறிவு பெற்ற பெண்ணை மணக்கச் சமயச் சட்டம் இடம் தருவதில்லை. 2010ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, எச்சமயத்தையும் சாராதவர்களாகப் பதிவான இருவர் இணைவதற்கு மட்டும் வழி செய்தது.

இஸ்ரேலில் இச்சிக்கலுக்கு ஒரு வழியைத் திறந்தது 1963ஆம் ஆண்டின் ஃபுங்க்-ஷ்லெசிங்கர் வழக்குத் தீர்ப்பாகும். இஸ்ரேலைச் சேர்ந்த யூதர் ஒருவரும் பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறித்தவப் பெண் ஒருவரும் சைப்பிரஸில் மணம் செய்திருந்தனர். அவர்களை மணமானவர்களாகப் பதிய உள்துறை அமைச்சகம் மறுத்தது. வெளிநாட்டுச் சான்றிதழைக் காட்டினால் பதிவு செய்வதே அலுவலரின் கடமை என்றும், திருமணம் செல்லுமா என்று ஆராய்வது அவர் வேலை அல்ல என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

லெபனானில் அரசால் ஏற்கப்பட்ட சமயப் பிரிவுகள் 18 உள்ளன. திருமணம், மணமுறிவு போன்றவை அவரவர் பிரிவின் சட்டப்படியே நடக்கின்றன. அதே வேளையில், வெளிநாட்டில் முறைப்படி நடந்த பதிவுத் திருமணத்தை லெபனான் அரசு ஏற்கிறது. பெய்ரூட்டிலிருந்து சைப்பிரஸின் லார்னகா நகரம் சுமார் 200 கி.மீ. தொலைவில்தான் உள்ளது. டெல் அவீவிலிருந்தும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விமானத்தில் சென்றுவிடலாம். இந்த அண்மையே சைப்பிரஸை இரு நாட்டினரும் நாடக் காரணமாயிற்று.

திருமண நடைமுறை

இணையர் முதலில் திருமணம் நடக்கவுள்ள நகராட்சியைத் தொடர்பு கொண்டு நாள் குறிக்க வேண்டும். பின்வரும் ஆவணங்கள் பொதுவாகக் கேட்கப்படுகின்றன:

- செல்லுபடியாகும் கடவுச்சீட்டு
- பிறப்புச் சான்றிதழ்
- திருமணம் செய்யத் தடை ஏதுமில்லை என்பதற்குச் சொந்த நாட்டில் பெற்ற சான்று
- முன்பு மணமானவராயின் மணமுறிவுத் தீர்ப்பு. துணையை இழந்தவராயின் இறப்புச் சான்றிதழ்

இருவரும் திருமண அலுவலர் முன் நேரில் தோன்றி, தமக்கு வேறு திருமணம் நடப்பில் இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். வழக்கமான முறையில், அறிவிப்புக் கொடுத்து 15 நாட்கள் கழிந்த பின்னரும் 3 மாதங்களுக்கு உள்ளாகவும் திருமணம் நடக்க வேண்டும். காத்திருக்க இயலாதவர்கள் கூடுதல் கட்டணம் செலுத்திச் சிறப்பு அனுமதி பெறலாம். இதன்மூலம் சில நாட்களிலேயே திருமணத்தை முடிக்க முடிகிறது. குறுகிய விடுப்பில் வருவோர் பெரும்பாலும் இம்முறையையே பயன்படுத்துகின்றனர். திருமணத்தின்போது இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும்.

ஆவணங்களில் பெயர் எழுத்துகள் ஒன்றுக்கொன்று மாறியிருப்பது, பழைய மணமுறிவுத் தீர்ப்புக்கு மொழிபெயர்ப்பு இல்லாதிருப்பது போன்றவை திருமணத்தைத் தள்ளிப்போடக்கூடும். ஆகவே விடுதிக்கும் விமானத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன்பே ஆவணப் படிகளை நகராட்சிக்கு அனுப்பி, அவை போதுமானவை என்று உறுதி செய்துகொள்வது நல்லது. விசா விதிகளும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. குறுகிய காலப் பயணத்துக்கு இஸ்ரேல் நாட்டவருக்கு விசா தேவையில்லை. லெபனான் நாட்டவரும் இந்தியரும் விசா பெற வேண்டும். விருந்தினர்களை அழைப்போர் அவர்களுக்கான விசாக் காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இடமும் பருவமும்

விழாவாக மணம் முடிக்க விரும்புவோர் பாஃபோஸ், லிமசோல், லார்னகா, ஐயா நாப்பா, ப்ரொதராஸ் ஆகிய கடலோர ஊர்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். கிரேக்கத் தொன்மத்தில் காதல் தெய்வமான அஃப்ரொடைட்டி கடல் நுரையிலிருந்து தோன்றிக் கரையேறிய இடமாகச் சொல்லப்படும் பாறை பாஃபோஸுக்கு அருகில் உள்ளது. பாஃபோஸின் பழைய நகரப் பகுதி 1980 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாகும். திருமணம் நகராட்சி மன்றத்திலோ, நகராட்சி அனுமதித்த விடுதித் தோட்டம், கடற்கரை போன்ற இடங்களிலோ நடக்கலாம். அலுவலர் வெளியிடத்துக்கு வருவதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

சூலை, ஆகத்து மாதங்களில் வெப்பம் மிகுதியாக இருக்கும். விடுதிகளும் நிரம்பி வழியும். நண்பகலில் திறந்த வெளியில் விழா நடத்துவது முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கடினம் என்பதால், அம்மாதங்களில் மாலை நேரமே ஏற்றது. மே, சூன், செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் ஓரளவு இதமானவை. மழை பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பெய்கிறது. லார்னகா, பாஃபோஸ் ஆகிய இரு நகரங்களிலும் பன்னாட்டு விமான நிலையங்கள் உள்ளன.

தீவு 1974 முதல் பிளவுபட்டுள்ளது. வடபகுதி 1983இல் தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்டாலும், துருக்கியைத் தவிர வேறு எந்நாடும் அதை ஏற்கவில்லை. அங்கு பெறும் திருமணச் சான்றிதழைப் பிற நாடுகளில் பயன்படுத்துவதில் சிக்கல் எழலாம் என்பதை இடம் தேர்ந்தெடுப்போர் கருத வேண்டும்.

சான்றிதழ் ஏற்பு

திருமணம் முடிந்ததும் நகராட்சி சான்றிதழ் வழங்குகிறது. அது வேறு நாட்டில் செல்ல வேண்டுமானால் சான்றுறுதி தேவை. 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை போதுமானது. சைப்பிரஸ், இஸ்ரேல், இந்தியா ஆகியவை இதில் உள்ளன. லெபனான் இதில் சேராததால், அந்நாட்டினர் சைப்பிரஸ் வெளியுறவு அமைச்சகத்திடமும் லெபனான் தூதரகத்திடமும் சான்றுறுதி பெறுகின்றனர். முத்திரை பெறாமல் ஊர் திரும்பினால், சான்றிதழை மீண்டும் சைப்பிரஸுக்கு அனுப்பும் நிலை ஏற்படும்.

மணமுறிவு

வெளிநாட்டில் மணம் முடிப்பதால் தாய்நாட்டுச் சமயச் சட்டத்திலிருந்து முழு விடுதலை கிடைப்பதில்லை. இஸ்ரேலில் வாழும் யூத இணையர், சைப்பிரஸில் மணந்திருந்தாலும், பிரிவதற்கு ரபிகளின் நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். லெபனானில் இத்தகைய திருமண வழக்குகளைப் பொது நீதிமன்றங்கள், திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படி விசாரிக்கின்றன. இதனால் சைப்பிரஸ் சட்டம் பெய்ரூட்டு நீதிமன்றத்தில் பயன்படுகிறது. எனினும் இருவரும் முஸ்லிம்களாயின் ஷரியா நீதிமன்றங்களின் அதிகாரம் காக்கப்பட்டுள்ளது. சொத்து, குழந்தைகளின் பொறுப்பு ஆகியவையும் இதனால் பாதிக்கப்படும் என்பதால், பயணத்துக்கு முன் சொந்த நாட்டு வழக்கறிஞரிடம் கேட்டறிவது பயன் தரும்.

மாற்று வழிகள்

2013இல் லெபனானில் ஓர் இணையர், பதிவேட்டிலிருந்து தம் சமயப் பிரிவை நீக்கிவிட்டு, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் 1936இல் வெளியான ஆணையின் அடிப்படையில் நாட்டுக்குள்ளேயே செய்த பதிவுத் திருமணம் அரசால் ஏற்கப்பட்டது. ஆனால் அது பொது நடைமுறையாக நிலைபெறவில்லை. கொரோனாப் பெருந்தொற்றால் பயணங்கள் தடைப்பட்டபோது, இஸ்ரேல் நாட்டவர் சிலர் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் வழியாக இணையக் காணொளியில் மணம் முடித்தனர். அத்திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. இதனால் சைப்பிரஸ் செல்லாமலேயே சட்டத் தேவையை நிறைவு செய்யும் வழி இஸ்ரேலியருக்குக் கிடைத்துள்ளது.