ஓட்டமும் நடையுமாக

மாசி மகத்தன்று ஆலங்குடி வட்டத்துக் குளமங்கலம் சாலையில் எங்கு பார்த்தாலும் கால்கள்தான். பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில், முப்பது அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரைக்குக் காகிதப்பூ மாலை சாத்தச் சனம் திரண்டு வரும். அந்தக் கூட்டத்தில் குதிரையை அண்ணாந்து பார்க்காமல் சற்றே குனிந்து பாருங்கள். தாயின் விரலைப் பிடித்தபடி ஒரு நாலு வயதுப் பிள்ளை ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருக்கும். இருவர் வேகமும் ஒன்றே. ஆனால் தாய் நடக்கிறாள், பிள்ளை ஓடுகிறது. ஏன்?

நடையில் எப்போதும் ஒரு பாதமாவது தரையில் இருக்கும். ஊன்றிய கால் விறைத்து நிற்க, உடம்பு அதன்மேல் வில்போன்ற வளைவில் எழுந்து இறங்குகிறது. தலைகீழாக நிறுத்திய ஊசல் அது. எழும்போது குறைகிற வேகம், இறங்கும்போது திரும்பக் கிடைத்துவிடுகிறது. பூமியின் இழுவிசையே நம்மை அடுத்த அடிக்குத் தள்ளிவிடுவதால் தசைகளுக்கு வேலை குறைவு. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களால் நாள்கணக்கில் நடக்க முடிவது இந்தச் சிக்கனத்தால்தான்.

இந்த ஊசலுக்கும் ஓர் எல்லை உண்டு. மேடான பாலத்தை வேகமாகக் கடக்கும் பைக் உச்சியில் துள்ளுகிறதல்லவா? அதுபோல, நடையின் வேகம் கூடக் கூட உடம்பை அந்த வளைவிலேயே பிடித்துவைக்க இழுவிசை போதாமல் போகிறது. கால் குட்டையாக இருந்தால் வளைவும் சிறியது. எல்லை சீக்கிரம் வந்துவிடும். 90 செ.மீ. நீளக் கால் உள்ளவர் மணிக்கு 7 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போது, தம்மை அறியாமலே ஓடத் தொடங்குவார். 45 செ.மீ. கால் உள்ள பிள்ளைக்கோ 5 கி.மீ. தாண்டினாலே ஓட்டம்தான்.

கால் பாதியானால் வேகமும் பாதியாவதில்லை என்பதைக் கவனியுங்கள். வேகம் காலின் நீளத்தோடு நேராகக் குறையாமல், அதன் வர்க்கமூலத்தோடு குறைகிறது. கப்பல்களின் வேகத்தை ஆராய்ந்த 19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூடின் பெயரால் வழங்கும் எண்ணைக் கொண்டு இதை விளக்கியவர், இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் மக்நீல் அலெக்சாண்டர். நாயும் குதிரையும் நடையை விட்டுத் துள்ளோட்டத்துக்கு மாறுவதும், ஏறத்தாழ நாம் ஓடத் தொடங்கும் அதே ஃப்ரூட் எண்ணில்தான்.

1969இல் நிலவில் இறங்கியவர்களும் துள்ளித் துள்ளி நகர்ந்தார்கள். அங்கே இழுவிசை பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு. மணிக்கு 3 கி.மீ. அளவிலேயே நடை தன் எல்லையைத் தொட்டுவிடும். வளர்ந்த ஆளையும் நிலவு நாலு வயதுப் பிள்ளையாக்கிவிட்டது.

கோயில் நெருங்குகிறது. பிள்ளைக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துத் தாய் எட்டுகளைச் சுருக்குகிறாள். வேகம் 4 கி.மீ.க்கு இறங்குகிறது. பிள்ளையின் ஓட்டம் அடங்குகிறது. இப்போது இருவரும் நடக்கிறார்கள்.