சிமெண்ட் களத்துக்கு எத்தனை மூட்டை?

தஞ்சைப் பகுதியில் குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் சேர்ந்தே வருவதுண்டு. நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதத்துக்குள் இருக்கவேண்டும். சில பருவங்களில் அரசு தளர்வு அளித்தாலும் அதை நம்பி அறுக்க இயலாது. தார்ச் சாலையில் காயவைப்பது ஆபத்து. எனவே சொந்தக் களம் போட விரும்பும் விவசாயிகள், சரக்கின் அளவைத் தாமே கணக்கிடத் தெரிந்துகொள்வது நலம்.

20 அடிக்கு 30 அடி களத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை அங்குலம் பரப்பினால் 60 கிலோ மூட்டையில் சுமார் 20 மூட்டை காயும். தளத்தின் கனம் 4 அங்குலம், அதாவது மூன்றில் ஒரு அடி. 600 சதுர அடியை 3 ஆல் வகுக்க, கான்கிரீட் 200 கன அடி.

ஆனால் 200 கன அடி சரக்கு போதாது. ஜல்லியின் இடுக்கில் மணலும், மணலின் இடுக்கில் சிமெண்டும் புகுந்து அமுங்கிவிடும். ஆகவே உலர்ந்த சரக்கு சுமார் ஒன்றரை மடங்கு, 308 கன அடி வேண்டும். 1:2:4 கலவைக்கு 7 பங்காக்கினால் ஒரு பங்கு 44 கன அடி. 50 கிலோ சிமெண்ட் மூட்டை 1¼ கன அடிக்குச் சற்றுக் குறைவு. ஆக சிமெண்ட் 36 மூட்டை, மணல் 88 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 176 கன அடி. சேதாரம் 10 சதம் சேர்த்தால் சிமெண்ட் 40 மூட்டை, மணல் 1 யூனிட், ஜல்லி 2 யூனிட்.

கணக்கு தவறுவது பெரும்பாலும் தரையில்தான். தரை சராசரி ஓர் அங்குலம் பள்ளமாக இருந்தால் 50 கன அடி, அதாவது 9 மூட்டை சிமெண்ட், மண்ணுக்குள் போய்விடும். நம் களிமண் கோடையில் வெடித்து மழையில் உப்பும். மேல்மண்ணை எடுத்துவிட்டு, மணல் நிரப்பி, நீர் விட்டுத் திமிசு போட்டு, உடைகல் பரப்பி இறுக்கவேண்டும். பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டத்தையும் இந்தத் தரையிலேயே கொடுத்துவிடவேண்டும். இதன் பின்னரே சிமெண்டுக்குப் பணம் கட்டலாம். நெல் ஏற்றிய டிராக்டர் களத்தில் ஏறுமானால் கனம் 5 அங்குலம் வேண்டும். அந்த 9 மூட்டையைச் சேர்த்தே வாங்குங்கள்.

மணல் ஈரமாக இருந்தால் பொங்கி, நான்கில் ஒரு பங்குவரை கூடுதலாகத் தோன்றும். ஒரு படி ஈர மணலில் நீர் ஊற்றிக் கலக்கி, எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பெட்டியில் அளக்கும்போது அந்த அளவு சேர்த்துப் போடவேண்டும். மூட்டைக்கு 25 முதல் 30 லிட்டர் நீர் போதும். கொத்தனார் இளக்கமாகக் கேட்பார். அதற்காக நீரைக் கூட்டினால் தளம் தூசியாக உதிர்ந்து நெல்லில் கலக்கும்.

களத்தைப் பத்தடிச் சதுரமாக 6 கட்டங்களாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகப் போடலாம். ஒரு கட்டத்துக்கு 6 மூட்டைக்கு மேல் பிடித்தால் உடனே நிறுத்தித் தரையை அளந்து பாருங்கள். மறுநாள் முதல் 10 நாள் வைக்கோல் பரப்பி ஈரம் காயாமல் நனைத்துவரவும்.