பாங்கி உத்தியோகமும் சொந்தக் கடனும்

கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறும் நம் மாணவரிற் பலர் பாங்கி உத்தியோகத்தை நாடுவதையும், பழைய மாணவர் சிலர் அவ்வுத்தியோகத்தில் அமர்ந்து நற்பெயர் எடுத்து வருவதையும் யாவரும் அறிவர். பாங்கித் தேர்வுக்குக் கணக்கும் ஆங்கிலமும் பொது அறிவும் கற்பிப்போர் தெருவுக்குத் தெரு உளர். ஆயின், வேலையில் அமர்ந்தபின் ஒருவருக்குச் சொந்தக் கடன் மிகுந்துவிடின் அதனைத் தம் பாங்கிக்குத் தெரிவித்தல் வேண்டுமா, தெரிவித்தால் வேலை போய்விடுமா என்னும் வினாவுக்கு விடை கூறுவார் மிகச் சிலரே. வினாவை எழுப்பவே பலரும் கூசுகின்றனர். அக்கூச்சத்தால் விளையும் கேடு பெரிதாதலின், யாம் இதனை ஈண்டுச் சிறிது விரித்துரைக்கப் புகுந்தோம்.

துணிக்கடைக் கணக்கர் ஒருவர் கடன்பட்டால் அவருடைய முதலாளி இரக்கப்படலாம், அல்லது கடிந்துகொள்ளலாம், அம்மட்டே. பாங்கியில் நிலைமை வேறு. அங்கே ஊழியர் கையில் நாள்தோறும் புழங்குவது பிறர் பணம். கடன் நெருக்கினால் அப்பணத்தில் கைவைப்பாரோ என்னும் அச்சம் நிர்வாகத்துக்கு உண்டென்பது உண்மையே. ஆனால் கையாடத் துணிவோர் மிகச் சிலர். அதனினும் நுட்பமானதோர் ஆபத்து உண்டு. கடனால் தவிக்கும் அதிகாரி ஒருவருக்கு வாடிக்கைக்காரர் ஒருவர் 50,000 ரூபாயைக் கைமாற்றாகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி வேண்டாம், பத்திரமும் வேண்டாம், “உங்களுக்கு இல்லாததா, ஐயா!” என்கிறார். மூன்று மாதங் கழித்து அவரே தம் வியாபாரத்துக்குக் கடன் கேட்டு மனுவோடு வந்து நிற்கிறார். சரக்கிருப்புக் கணக்கில் பிழை கண்டாலும், அதனை எடுத்துக்காட்ட அதிகாரிக்கு நா எழுமோ? ஒரு காசும் திருடாமலே அவர் தம் கடமையை அடகு வைத்தவராகிறார்.

இதனை எண்ணியே, அரசுடைமையாக்கப்பட்ட பாங்கிகளின் அதிகாரிகளுக்கு 1976 ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற நடத்தை விதிகள், தரகரிடமும், லேவாதேவிக்காரரிடமும், தமக்குக் கீழ் வேலை செய்வோரிடமும், பாங்கியோடு கொடுக்கல் வாங்கல் உடையோரிடமும் கடன் பெறலாகாது என்று தடுத்துள்ளன. குதிரைப் பந்தயத்தில் கடன்படுதலும் ஆகாது என்கின்றன. (விதி வரைந்தோர் கிண்டி மைதானத்தை மனத்திற் கொண்டனர் போலும், கைப்பேசியே பந்தய மைதானமாகும் காலம் வருமென்று அவர் கண்டாரா?) ஆனால் உறவினரிடமோ நெருங்கிய நண்பரிடமோ சிறு தொகையைத் தற்காலிகமாக வாங்குவதையும், நாணயமான கடையில் பற்று வைத்துக்கொள்வதையும் அவ்விதிகள் தடுக்கவில்லை. கடன் என்ற சொல்லைக் கேட்ட அளவிலே அவை வாளை உருவவில்லை என்பதை நோக்குக.

குமாஸ்தாக்களின் நிலைமையும் ஏறக்குறைய இதுவே. 1966 ஆம் ஆண்டில் பாங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் செய்துகொண்ட முதல் இருதரப்பு ஒப்பந்தத்தில், நிர்வாகம் அளவு மீறியதெனக் கருதும் வகையிற் கடன்படுதல் சிறு குற்றங்களின் வரிசையில் வைக்கப்பட்டது. பெருங்குற்றங்களின் வரிசையில் அன்று. சிறு குற்றத்துக்குத் தண்டனை கண்டித்தலும், ஆறு மாதத்துக்கு மேற்படாமல் ஊதிய உயர்வை நிறுத்துதலும் போல்வன. வேலையே போய்விடும் என்று நடுங்கிக் கடனை மறைப்போர் பலர் இவ்வரியை ஒருமுறையேனும் படித்திரார்.

எனினும், மெய்யாகவே அஞ்சத்தக்க இடம் ஒன்று உண்டு. 1949 ஆம் ஆண்டுப் பாங்கிச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, இன்சால்வெண்டு என்று எக்காலத்திலேனும் தீர்ப்பளிக்கப்பட்டவரையும், கடன் செலுத்துதலை நிறுத்திவிட்டவரையும், கடன்காரரோடு தொகையைக் குறைத்துத் தீர்த்துக்கொண்டவரையும் எந்தப் பாங்கியும் வேலைக்கு அமர்த்தலாகாது, வேலையில் நீடிக்க விடவும் ஆகாது என்கிறது. இங்கே நிர்வாகத்தின் தயவுக்கு இடமில்லை. மேலதிகாரி எத்துணை நல்லவராயினும் அவர் கை கட்டப்பட்டுவிடுகிறது. பிற தொழிலிலுள்ள ஒருவர் கடன் தாங்கமாட்டாமல் 1909 அல்லது 1920 ஆம் ஆண்டு இன்சால்வென்சிச் சட்டத்தை நாடினால் அது அவருக்குப் புகலிடம். பாங்கி ஊழியருக்கோ அப்புகலிடத்தின் வாயிலிலேயே அவர் பிழைப்பு பறிபோகிறது. ஆதலின் இன்சால்வென்சி மனுவிலோ, தொகை குறைப்பு உடன்பாட்டிலோ கையொப்பமிடுமுன் அவர் சட்டம் அறிந்தாரைக் கேட்டே தீரவேண்டும்.

இப்பிரிவு கடுமையானதென்பதே எம் கருத்து. 1906 ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை ஆர்பத்நட் கம்பெனி முறிந்து ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு அழிந்தபோது, அக்கேட்டுக்குக் காரணர் கடன்பட்ட குமாஸ்தாக்கள் அல்லர், முதலாளிகளே. நோயாலும் சாவாலும் கடன்பட்டவரையும், வீண் செலவால் கடன்பட்டவரையும் ஒரே தராசில் நிறுத்துதல் எங்ஙனம் நீதியாகும்? பிரிட்டனில் நிதித்தொழிலை மேற்பார்க்கும் நிதி நடத்தை ஆணையம் பொறுப்புள்ள பதவிகளுக்கு வருவோரின் தகுதியை ஆராயும்போது, அவர்மீது தீராத கடன் தீர்ப்பு உண்டா, இன்சால்வெண்டானதுண்டா, கடன்காரரோடு உடன்பாடு செய்ததுண்டா என்றெல்லாம் கேட்கிறது. ஆனால் ஒருவருக்குப் பொருள்வசதி குறைவு என்னும் காரணம் மட்டுமே அவரைத் தகுதியற்றவராக்காது என்றும் அது எழுதி வைத்திருக்கிறது. நம் சட்டத்திலும் அத்தகைய வரி ஒன்று இருந்திருக்கலாம்.

சட்டம் அத்துணைக் கடுமையாயின் வாய் திறவாதிருத்தலே நலமன்றோ எனச் சிலர் வினவக்கூடும். அன்று. நிலைமை 10 ஆம் பிரிவின் எல்லையை எட்டுமுன் தடுத்து நிறுத்தும் வழிகள் பெரும்பாலும் பாங்கியின் கையிலேயே உள. ஊழியருக்கென்று குறைந்த வட்டியிற் கொடுக்கும் கடன்கள், பிராவிடண்டு பண்டிலிருந்து பெறும் பணம், ஊழியர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தின் உதவி ஆகியவற்றால், மாதம் நூற்றுக்கு மூன்றும் ஐந்தும் வட்டி பறிக்கும் வெளிக்கடனை அடைத்துவிடலாம். இவற்றை நாடுபவர் தம் நிலையைச் சொல்லாமல் எப்படி நாடுவார்?

மேலும், மறைத்தது மறைந்தே இராது. கடன் கொடுத்தவர் வழக்காடித் தீர்ப்புப் பெற்றால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60 ஆம் பிரிவின்படி சம்பளத்தை ஜப்தி செய்யலாம். முதல் 1,000 ரூபாயையும், எஞ்சியதில் மூன்றில் இரு பங்கையும் தொடலாகாது. மற்றொரு பங்கைப் பிடிக்கலாம். சம்பளம் 40,000 ரூபாயாயின் மாதந்தோறும் 13,000 ரூபாய் வரை போகும். அவ்வுத்தரவு யாருக்கு வரும்? சம்பளம் கொடுக்கும் பாங்கிக்கே வரும். ஊழியர் ஓராண்டாகக் காத்த இரகசியத்தை நீதிமன்றத் தபால் ஒரே நாளில் மேலதிகாரியின் மேசையில் வைத்துவிடுகிறது. கைப்பேசி வழியே கடன் கொடுக்கும் சில கூட்டத்தாரோ நீதிமன்றம் வரைகூடச் செல்வதில்லை. கடன்பட்டவரின் தோழர்களையெல்லாம் தொலைபேசியில் அழைத்து மானத்தை வாங்குகின்றனர். 2022 ஆம் ஆண்டில் ரிஸர்வ் பாங்கி விதித்த நெறிமுறைகள், கடன்பட்டவர் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களை எடுத்தலாகாதெனத் தடுத்தும் இது முற்றும் ஒழிந்தபாடில்லை.

அப்படியாயின் எதனை, எப்பொழுது சொல்லுதல் வேண்டும்? தவணை தவறாமற் செலுத்தும் வீட்டுக்கடனையோ வாகனக் கடனையோ பற்றி ஓடிச்சென்று முறையிட வேண்டுவதில்லை. தவணைகள் தவறத் தொடங்கி, சம்பளத்தைக்கொண்டு ஈடுசெய்ய இயலாதென்று தெரிந்த அன்றே சொல்லுதல் நலம். வழக்குத் தொடரப்பட்டுவிட்டாலோ, நலம் தீங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. மத்திய அரசு ஊழியருக்கான 1964 ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 17 ஆம் விதி, கடன் வழக்கோ இன்சால்வென்சி மனுவோ தொடரப்பட்டால் முழு விவரத்தையும் உடனே தெரிவிக்குமாறு பணிக்கிறது. தம் பாங்கியின் விதி யாது என்பதை அவரவர் தம் விதிப்புத்தகத்தைப் பார்த்துத் தெளிக. அந்த 17 ஆம் விதியில் மற்றொரு செய்தியும் உண்டு. கடன், முன்னறிய முடியாத காரணத்தால் நேர்ந்ததேயன்றி ஊதாரித்தனத்தால் நேர்ந்ததன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு ஊழியர் மீதே விழுகிறது. ஆதலின் ஆஸ்பத்திரி ரசீதும், தவணைச் சீட்டும், கடன்காரரின் கடிதமும் பத்திரமாக இருத்தல் வேண்டும்.

வாய்மொழியாக மானேஜரிடம் சொல்லிவிட்டு அமைதல் போதாது. அவர் மாற்றலாகிப் போவார். புதியவர் ஒன்றும் அறியார். முதலில் தனியே சந்தித்துச் சொல்லி, பின்னர் எழுத்து மூலம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குக. யார் யாருக்கு எவ்வளவு, எதன் பொருட்டு, மாதம் எவ்வளவு செலுத்த இயலும், பாங்கியோடு தொடர்புடையோர் எவரேனும் கடன்காரருள் உண்டா என்பவை அக்கடிதத்தில் இருக்கட்டும். புலம்பல் வேண்டா. சிறிய கடனை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் எழுதுதலும் வேண்டா. பின்னர் விடுபட்டது வெளிப்படின் எழுதியதும் நம்பப்படாது. கடிதம் கொடுக்குமுன் ஊழியர் சங்கத்தாரிடம் கலந்துகொள்ளுதல் தவறன்று.

ஜாமீனைப் பற்றி ஒரு வார்த்தை. “மாப்பிள்ளை பாங்கியில் இருக்கிறார், ஒரு கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்தது” என்று சொல்லாத உறவினர் நம் நாட்டில் அரியர். 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128 ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்பட்டவரின் பொறுப்போடு ஒத்தது. முன் அனுமதியின்றி அதிகாரி பிறர் கடனுக்கு ஜாமீன் நிற்றல் மேலே கூறிய 1976 ஆம் ஆண்டு விதிகளுக்கும் மாறு. மாமனாரிடம் மறுத்துச் சொல்ல நாணுவோர் இவ்விதியையே சாக்காகக் காட்டலாம்.

இதுகாறும் உத்தியோகத்தில் அமர்ந்தோரைப் பற்றிக் கூறினோம். அமரப்போகும் மாணவர்க்கும் இதில் பங்குண்டு. சென்னையில் ஒருவருக்குப் பாரத ஸ்டேட் பாங்கியில் 2021 ஆம் ஆண்டில் அதிகாரி உத்தியோகம் கிடைத்தது. கடன் அறிக்கையில் பழைய தவணைத் தவறுகள் காணப்பட்டமையால் அந்நியமனம் ரத்தாயிற்று. வேலைக்கு மனுச் செய்யுமுன்பே கடன்களையெல்லாம் தீர்த்துவிட்டதாக அவர் வாதாடினார். விளம்பரத்தின் நிபந்தனை, தவணை தவறிய பதிவே இருத்தலாகாது என்பதன்றோ என்று சென்னை ஹைக்கோர்ட்டு 2025 ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாங்கியின் செயலை நிலைநாட்டியது. குமாஸ்தாத் தேர்வு அறிவிப்புகளில், அறிக்கையிற் குறை இருப்பின் வேலையிற் சேருமுன் அதனைத் திருத்தவோ, பாக்கியில்லை என்னும் சான்றைக் கடன் கொடுத்தவரிடம் பெறவோ இடங்கொடுத்ததும் உண்டு. ஒவ்வோர் அறிவிப்பையும் மூலத்திலேயே படித்தல் நன்று.

நம் மாணவரிற் பலர் கல்விக்கடன் பெற்றுப் படிப்போர். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்தபின் தவணை தொடங்குகிறது. வேலைக்கு அலையும் காலமும் அதுவே. ஊரில் தந்தையார் செலுத்தி வருகிறாரென்று மகன் எண்ண, மகன் செலுத்துகிறானென்று தந்தையார் எண்ண, தவறிய தவணை மகன் பெயரில் பதிவாகிவிடுகிறது. கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டது. தேர்வுக்கு மனு எழுதும் முன்னரே அதனை வாங்கிப் பார்க்க. அடைத்த கடன் அடைபடாததாகக் காணப்பட்டால் எழுத்து மூலம் முறையிடுக. 30 நாட்களுக்குள் அம்முறையீடு தீர்க்கப்படாவிடின் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈட்டுத்தொகை கொடுக்குமாறு ரிஸர்வ் பாங்கி 2023 ஆம் ஆண்டு அக்டோபரில் உத்தரவிட்டுள்ளது.