கைப்பேசியின் சிறு துளை



இன்று நம்மில் பலர் கையில் வைத்திருக்கும் ஒரு கருவியின் மிகச் சிறிய உறுப்பைப் பற்றிச் சற்றே சிந்திப்போம். கைப்பேசியின் ஓரத்தில் காதொலிக் கருவியைச் செருகுவதற்கென அமைந்த துளையைத்தான் குறிப்பிடுகிறேன். அதில் நுழையும் செருகியின் விட்டம் மூன்றரை மில்லிமீட்டர். பாட்டுக் கேட்பதற்கு மட்டுமே அமைந்ததாகத் தோன்றும் அத்துளையின் வழியே செய்திக் குறிப்புகளையும், ஏன், சிறிது மின்னாற்றலையும்கூட அனுப்பலாம். அதுவும் மிகக் குறைந்த செலவில் செய்யலாம்.

முதலில் செருகியை உற்று நோக்குங்கள். ஒலிவாங்கியோடு கூடிய கருவியாயின், அதன் உலோகத் தண்டில் மூன்று மெல்லிய வளையங்கள் தெரியும். அவை மின்சாரத்தைக் கடத்தா. அவற்றால் தண்டு நான்கு பகுதிகளாகப் பிரிகிறது. நுனி இடக் காதுக்கு உரியது. அடுத்த பகுதி வலக் காதுக்கு உரியது. இன்று பெருவழக்கான முறையில் மூன்றாவது பகுதி எல்லாவற்றுக்கும் பொதுவான திரும்பு வழி. நான்காவது ஒலிவாங்கிக்கு உரியது.

வழிகள் நான்கே, வேலைகளோ அவற்றினும் மிகுதி. ஒலிவாங்கி இயங்குவதற்குச் சிறிது மின்னழுத்தம் வேண்டும். அதைக் கைப்பேசியே ஒரு மின்தடையின் வழியாக ஒலிவாங்கிக் கம்பியில் அனுப்புகிறது. நம் குரலும் அதே கம்பியில்தான் திரும்பி வருகிறது. பொத்தான்களின் செய்தியும் அதிலேயே வருகிறது. இவை ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடாவோ?

ஓர் ஏரியை நினைத்துப் பாருங்கள். நீர்மட்டம் ஓரளவில் நிலையாக நிற்கிறது. காற்று வீசும்போது அதன்மேல் சிற்றலைகள் எழுகின்றன. நிலையான மட்டம் போன்றது கைப்பேசி தரும் மின்னழுத்தம். சிற்றலைகள் போன்றது நமது குரல். கைப்பேசியினுள் இருக்கும் மின்தேக்கி, நிலையான மட்டத்தைத் தடுத்து, அலைகளை மட்டும் உள்ளே விடுகிறது. பொத்தானை அழுத்தினால் மதகைத் திறந்தாற்போல மட்டமே தாழ்கிறது. எவ்வளவு தாழ்ந்தது என்பதைக் கொண்டு எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று கைப்பேசி அறிந்துகொள்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான வரையறையில், ஒலியைக் கூட்டும் பொத்தானுக்கு 240 ஓம் மின்தடையும், குறைக்கும் பொத்தானுக்கு 470 ஓம் மின்தடையும் குறிக்கப்பட்டுள்ளன. மிக மலிவான இரண்டு மின்தடைகள், தனிக் கம்பிகள் செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடிக்கின்றன.

இவ்வழியில் மேலும் ஒரு படி சென்றவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள். 2010-ஆம் ஆண்டில் அவர்கள் 'ஹைஜாக்' என்னும் சிறு கருவியை ஐபோனுக்கென அமைத்து வெளியிட்டனர். ஒரு காதுக்குரிய வழியில் மின்னாற்றல். மறு காதுக்குரிய வழியில் கைப்பேசியிலிருந்து செல்லும் செய்தி. ஒலிவாங்கியின் வழியில் கைப்பேசிக்கு வரும் செய்தி. இதுவே அவர்கள் செய்த பங்கீடு.

மின்னாற்றல் எவ்வாறு கிடைத்தது? நொடிக்கு 22,000 முறை அதிரும் ஓர் ஒலியைக் கைப்பேசி இசைக்கிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேட்பதில்லை. அம்மின்னலையின் அழுத்தம் மிகக் குறைவாதலால், ஒரு சின்னஞ்சிறு மின்மாற்றி அதை உயர்த்துகிறது. பின்னர் அது நேர்மின்னோட்டமாக மாற்றப்படுகிறது. இவ்வாறு கிடைத்தது 7.4 மில்லிவாட். ஒரு வாட் மின்விளக்குக்கு இதுபோல் நூற்றுக்கு மேற்பட்ட பங்குகள் வேண்டும். ஆயினும் வெப்பத்தையோ ஈரத்தையோ அளக்கும் சிறு கருவிக்கு இதுவே போதும். ஆற்றலை ஈட்டும் அப்பகுதியின் உறுப்புகளுக்கு, பதினாயிரக்கணக்கில் வாங்கும்போது, ஆன செலவு 2.34 டாலர் மட்டுமே.

செய்தியை அனுப்புவதிலும் ஓர் இடையூறு உண்டு. சுழி, ஒன்று என்னும் இலக்கங்களை மட்டங்களாக அனுப்பினால், தொடர்ந்து பல சுழிகள் வரும்போது மட்டம் அசையாமல் நிற்கும். அசையாததை மின்தேக்கி தடுத்துவிடும் என்று முன்னரே கண்டோம். ஆகவே ஒவ்வோர் இலக்கத்தின் நடுவிலும் ஓர் ஏற்றமோ இறக்கமோ இருக்குமாறு அமைத்தனர். ஏற்றம் ஓர் இலக்கம். இறக்கம் மற்றோர் இலக்கம். இதற்கு மான்செஸ்டர் முறை என்று பெயர்.

செலவைப் பற்றி ஏன் இத்துணை பேசுகிறேன்? நான் அறிவியல் ஆசிரியனாகப் பணிபுரிந்த ஒரு பள்ளியில் விலை மிகுந்த மின்னளவி ஒன்று இருந்தது. உடைந்துவிடுமோ என்னும் அச்சத்தால் அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டியே வைத்திருந்தோம். மாணவர்கள் கண்ணாடி வழியே பார்த்து, படம் வரைந்து, மதிப்பெண்ணும் பெற்றனர். ஒருவரேனும் அதைத் தொட்டதில்லை. திறந்து கொடுக்க வேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை. அது என் குறையே. விலை குறைந்த கருவி மாணவன் கைக்கு வரும். கைக்கு வந்ததே அறிவாகும்.

2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோன் 7 முதலாக அத்துளை பல கைப்பேசிகளிலிருந்து மறையலாயிற்று. இப்போது மின்னேற்றத்துக்கும் செய்திக்கும் உதவும் யுஎஸ்பி-சி துளையே ஒலிக்கும் வழியாகிறது. 2014-இல் வரையறுக்கப்பட்ட அத்துளையில் 24 தொடுமுனைகள் உள்ளன. அவற்றுள் குறித்த இரண்டைச் சிறு மின்தடைகளால் பொதுவழியோடு இணைத்தால், அவ்வசதியுள்ள கைப்பேசி அதை உணர்ந்து, செய்திக்குரிய இரு கம்பிகளையும் இரு காதுகளுக்குரியவையாக மாற்றிவிடும். ஒரே வாய்க்காலை முறை வைத்து இரு வயல்களுக்குப் பாய்ச்சுவது போன்றது இது. ஆனால் எல்லாக் கைப்பேசிகளிலும் இவ்வசதி இல்லை. இல்லாதவை ஒலியை எண்களாகவே வெளியிடும். இணைப்பானில் உள்ள ஒரு நுண்கருவிதான் அதை ஒலியலையாக மாற்ற வேண்டும். ஆகவே இணைப்பானை வாங்குமுன் கேட்டறிதல் நலம்.

மாணவர்களே, ஓர் எச்சரிக்கை. கைப்பேசியின் துளையில் வெளி மின்னழுத்தம் எதையும் ஆராயாமல் இணைக்காதீர்கள். வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் அதன் அருகே கொண்டு வராதீர்கள். பழுதாகி எறியப்பட்ட காதொலிக் கருவி ஒன்றை எடுங்கள். வளையங்களை எண்ணுங்கள். எந்தப் பகுதி எந்தக் கம்பியோடு சேர்ந்திருக்கிறது என்பதை, ஓர் உலர் மின்கலத்தையும் சிறு விளக்கையும் கொண்டு கண்டுபிடித்து, குறிப்பேட்டில் வரைந்து வையுங்கள். இம்முறை கண்ணாடிக்கு வெளியே நின்று அன்று. உங்கள் கையால் தொட்டு.