வாசற்படியில் நின்றுபோகும் கால்

பார்க்கின்சன் நோய்க்குத் தமிழில் நடுக்குவாதம் என்று பெயர். பெயரைக் கேட்டதும் கை நடுக்கம்தான் நினைவுக்கு வரும். ஆனால் நடுக்கமே வராத நோயாளிகளும் இருக்கிறார்கள். அன்றாட வாழ்க்கையை அதிகம் முடக்குவது அசைவு மந்தமாவதும் தசை இறுகிப்போவதும்தான். வீட்டார் இதை வயோதிகம் என்றோ சோம்பல் என்றோ எண்ணிக்கொள்வதால் பல வருடங்கள் வீணாகின்றன.

நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் சுரக்கும் டோபமைன் இருந்தால்தான் நினைத்தவுடன் எழவும், யோசிக்காமல் நடக்கவும் முடியும். இந்த அணுக்கள் மெல்ல மெல்ல அழிவதே நோய். பெரும்பாலானோருக்கு இது ஏன் நேர்கிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை. கையிலோ காலிலோ மாற்றம் தெரிவதற்குள் அணுக்களில் பெரும்பங்கு போய்விட்டிருக்கும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாசனை தெரியாமல் போவது, மலச்சிக்கல், கனவில் கத்திக் கைகாலை உதறுவது போன்றவை சிலருக்குத் தொடங்கிவிடும்.

சிலருக்கு முதலில் கையெழுத்து காட்டிக்கொடுக்கும். வரியின் தொடக்கத்தில் வழக்கமான அளவில் இருக்கும் எழுத்து, போகப்போகச் சிறுத்து, கடைசியில் எறும்பு ஊர்ந்தது போலாகிவிடும். குரல் தணியும். முகத்தில் உணர்ச்சி தெரியாது. உள்ளுக்குள் மகிழ்ச்சியாக இருப்பவரைக்கூட உம்மென்று இருப்பதாக நினைப்பார்கள். நடந்துகொண்டிருக்கும் சிலருக்கு வாசற்படி வந்ததும் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போல் நின்றுவிடும். பின்னால் நின்று அவசரப்படுத்தினால் இன்னும் மோசமாகும், கீழே விழவும் நேரும். தரையில் வண்ண நாடாவைக் குறுக்குக் கோடாக ஒட்டி, அதைத் தாண்டச் சொன்னால், அதே கால் பலருக்கு எழும்பிவிடுகிறது. தானாக நடக்கும் வழி அடைபட்டிருந்தாலும், கண்ணால் பார்த்து அடிவைக்கும் வழி மூளையில் மிச்சமிருக்கிறது. செலவே இல்லாத இந்த உதவி எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 6 பேரைக் கவனித்து இந்நோயை விவரித்தார். அவர்களில் சிலரைத் தெருவில்தான் பார்த்தார். சரியான மருந்துக்கு அதன்பின் 150 ஆண்டுகள் ஆயின. டோபமைனை நேரடியாகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா என்ற பொருள் நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். 1960-களில் பயனுக்கு வந்த இதே பொருளை, 1937-இலேயே சென்னையில் ஆய்வாளர்கள் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். அதற்காக மருத்துவரிடம் சொல்லாமல் பூனைக்காலிப் பொடியை வாங்கிச் சாப்பிடக் கூடாது. லெவோடோபா மாத்திரையோடு சேர்ந்து அளவு மிஞ்சிவிடும்.

மாத்திரை நோயைக் குணப்படுத்தாது, அசைவை மீட்டுத் தரும். சாப்பாட்டில் உள்ள புரதம் அதன் வேலையைத் தடுக்கக்கூடும்; ஆகவே பெரும்பாலும் சாப்பாட்டுக்கு அரைமணி நேரமாவது முன்பு போடச் சொல்வார்கள். திடீரென நிறுத்துவது ஆபத்து. சில வருடங்களில் மருந்தின் பலன் ஏறியும் இறங்கியும் வரும். காலை 10 மணிக்குத் தானே காபி ஆற்றிக் குடித்தவர், 12 மணிக்கு நாற்காலியைவிட்டு எழ முடியாமல் தவிப்பார். தகுந்தவர்களுக்கு மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவைசிகிச்சை இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிறது.

இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பார்க்கின்சன் நோயும் ஒன்று. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகப் பரிசோதிக்கும்போது, மருந்து வேலை செய்யும் நேரத்தில் பார்ப்பவருக்குப் பெரிய குறை தென்படாது. மருந்தின் பலன் இறங்கிய நேரத்தில் நோயாளியால் என்னென்ன முடியவில்லை என்பதையும் கேட்டு எழுதினால்தான் அந்த மதிப்பீடு சரியாக இருக்கும்.